பதிவுக்கும் படகுக்கும் நடுவே

2017 ஆகஸ்ட் 27. ஹார்வி புயல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தை விட்டு நகர மறுத்து, நாள்கணக்கில் மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. டிக்கின்சன் என்ற சிறு நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். நாற்காலிகளில் உட்கார்ந்த நிலையிலேயே மூதாட்டிகள் அந்தத் தண்ணீருக்குள் இருந்தார்கள். அங்கே எடுத்த படம் ஒன்று வேறு மாநிலத்தில் இருந்த உறவினரின் கைபேசிக்குப் போய், அங்கிருந்து ட்விட்டருக்கு வந்தது. ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். அதே வேகத்தில் இன்னொரு கூட்டம் "இது ஒட்டுவேலை செய்த படம்" என்று அடித்துச் சொன்னது. படம் உண்மையானதுதான். அன்றைக்கே அவர்கள் மீட்கப்பட்டார்கள்.

இணைய ஊடகத்தின் ஆற்றலுக்குச் சான்றாக இந்தக் கதையை அடிக்கடி சொல்வார்கள். சொல்லட்டும், தவறில்லை. ஆனால் அதே நாள்களில் ஹூஸ்டன் நகரத்தைச் சுற்றி எத்தனையோ பேர் முகவரியையும் கைபேசி எண்ணையும் வீட்டில் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் எழுதி உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். 911 என்ற அவசர எண் திணறியதால்தான் அவர்கள் இணையத்துக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை என்ன சொன்னது தெரியுமா? சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள், இணைப்பு கிடைக்கும்வரை தொலைபேசியிலேயே முயலுங்கள் என்றது.

கேட்பதற்கு அதிகாரத் திமிர் போலத் தோன்றும். கட்டுப்பாட்டு அறை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது. அங்கே வரும் ஒவ்வோர் அழைப்பும் ஒரு பதிவெண் பெறுகிறது. எடுத்தவர் கேள்வி கேட்கிறார்: எந்த மாடி, எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, தண்ணீர் ஏறுகிறதா, நிற்கிறதா. பிறகு அது ஒரு வண்டிக்கோ படகுக்கோ ஒதுக்கப்படுகிறது. போனவர் திரும்பிவந்து சொல்லும்வரை அந்தப் பதிவெண் திறந்தே இருக்கும். சமூக ஊடகப் பதிவுக்கு இந்த வாழ்க்கை கிடையாது. லட்சம் பேர் பார்த்திருப்பார்கள். பொறுப்பேற்றவர் ஒருவரும் இல்லாமல் போகலாம். அல்லது நான்கு படகுகள் ஒரே வாசலுக்குப் போய் நிற்கலாம்.

ஆகவே பேரிடரில் இணைய ஊடகத்தின் பங்கைப் பற்றிப் பேசும்போது பதிவு எவ்வளவு வேகமாகப் பரவியது என்பதைவிட, பதிவுக்கும் படகுக்கும் நடுவே யார் உட்கார்ந்திருந்தார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பேச்சு போகாத வழியில் எழுத்து போகும்

முதலில் ஓர் அடிப்படைக் கேள்வி. தொலைபேசி வேலைசெய்யாத நேரத்தில் இணையம் மட்டும் எப்படி வேலைசெய்கிறது?

ஒரு குரல் அழைப்புக்கு, பேசி முடிக்கும்வரை கோபுரத்தின் கொள்ளளவில் ஒரு பங்கை விடாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். எழுத்துச் செய்திக்கு அது வேண்டாம். சிறு துண்டுகளாக வரிசையில் நின்று, இடம் கிடைத்தபோது நுழைந்து போய்விடும். தாமதமாகும், ஆனால் போகும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, நெரிசலைக் கட்டுப்படுத்த கைபேசி நிறுவனங்கள் குரல் அழைப்புகளை 70 முதல் 95 சதவீதம் வரை மட்டுப்படுத்தின. தரவுப் போக்குவரத்தில் அந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு, சில நிறுவனங்களில் அறவே இல்லை. அதனால்தான் அன்று டோக்கியோவில் பலர் வீட்டோடு பேச முடியாமல் ட்விட்டரிலும் மின்னஞ்சலிலும் செய்தி சொன்னார்கள். அந்த அனுபவம் இன்னும் ஆறாத நிலையில், அதே ஆண்டு ஜூன் மாதம் அங்கே லைன் என்ற செய்திச் செயலி பிறந்தது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்தடை வந்தால் மின்கலம் சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு டீசல் வர வேண்டும், டீசல் வரச் சாலை வேண்டும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்சைத் தாக்கியபோது, உதவி கேட்பதற்கும் நிவாரணம் தருவதற்கும் பொதுவான ஹேஷ்டேகுகள் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. அந்த வகையில் உலகிலேயே முன்னால் நின்ற நாடு அது. ஆனால் அடி முழுவதையும் வாங்கிய தாக்லோபான் நகரத்தில் தொடர்புகளே அற்றுப்போயின. உலகம் முழுவதும் இணையத்தில் எந்த ஊரைப் பற்றிப் பேசியதோ, அந்த ஊர் இணையத்திலேயே இல்லை. 2022 ஜனவரி 15 அன்று டோங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை வெடித்தபோது நாட்டை வெளி உலகோடு இணைத்த கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

அமைதியான இடம் பாதுகாப்பான இடம் என்று பொருளாகாது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கிய நாள்களில் 2 கோடிக்கு மேற்பட்ட ட்வீட்கள் வந்தன. அவற்றை மட்டும் வரைபடத்தில் புள்ளிவைத்துப் பார்த்தால் மன்ஹாட்டன்தான் பேரழிவின் நடுவிடம் என்று தோன்றும். அங்கே கைபேசி அதிகம், ட்விட்டர் பழக்கம் அதிகம். உண்மையில் மோசமாகச் சிதைந்த ராக்கவே, கோனி ஐலண்ட் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து குரல் குறைவாகவே வந்தது. மின்சாரம் போய் நேரமாக ஆக அதுவும் தேய்ந்தது. ஊடக ஆய்வாளர் கேட் கிராஃபோர்டு இந்த முரணைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். பதிவுகளை எண்ணி நிவாரண வண்டிகளை அனுப்பினால் வண்டிகள் வசதியானவர்களின் தெருவுக்குத்தான் போகும். முதியவர், கைபேசி இல்லாதவர், மொழி தெரியாத குடியேறியவர், சார்ஜ் தீர்ந்தவர் ஆகியோர் அந்த வரைபடத்தில் வெற்றிடமாகவே இருப்பார்கள். நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த ஒரு பகுதி திடீரென்று வாயடைத்துப்போனால், நல்ல கட்டுப்பாட்டு அறை முதலில் அங்கேதான் ஆளை அனுப்பும்.

மொழிபெயர்த்தவர்கள்

இணையம் வழியாக உலகமே ஒரு மீட்புப் பணியில் கைகொடுக்க முடியும் என்ற எண்ணம் ஹைட்டியில்தான் உருப்பெற்றது என்று சொல்லலாம். அதற்கு முன்பும் முயற்சிகள் இருந்தன. 2004 ஆழிப்பேரலையின்போது சில வலைப்பதிவர்கள் கூடி உதவித் தகவல்களை ஒரே பக்கத்தில் திரட்டினார்கள். 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு காணாமல்போனவர்களைத் தேடப் பல தளங்கள் தனித்தனியாக முளைத்தன. தாய் ஒரு தளத்தில் தேட, மகன் இன்னொரு தளத்தில் தன் பெயரைப் பதிந்திருப்பான். இந்த அபத்தத்தைத் தீர்க்கத்தான் அவற்றுக்கிடையே தகவலைப் பரிமாறும் பொது வடிவம் ஒன்றைத் தன்னார்வலர்கள் அமைத்தார்கள். பிற்பாடு வந்த கூகுளின் 'பெர்சன் ஃபைண்டர்' அந்த அடித்தளத்தின்மேல்தான் நின்றது.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் அருகே 7.0 அளவுள்ள நிலநடுக்கம். அன்று இரவே அமெரிக்காவில் பேட்ரிக் மேயர் என்ற ஆய்வாளரும் மாணவர்களும், எங்கே என்ன உதவி தேவை என்று காட்டும் ஒரு நெருக்கடி வரைபடத்தை இணையத்தில் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய உஷாஹிதி என்ற மென்பொருள், கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு வெடித்த வன்முறையைப் பதிவுசெய்ய அந்நாட்டினர் 2008-இல் உருவாக்கியது. சுவாஹிலி மொழியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். சில நாள்களில் 4636 என்ற குறு எண்ணும் வந்தது. ஹைட்டியில் இருப்பவர் எந்தக் கைபேசியிலிருந்தும் இலவசமாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

செய்திகள் வந்தன. ஆனால் அவை ஹைட்டி கிரியோல் மொழியில் இருந்தன. மீட்புக்கு வந்த வெளிநாட்டுப் படைகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அப்போது வெளிநாடுகளில் வாழும் ஹைட்டிக்காரர்கள் கணினிமுன் உட்கார்ந்தார்கள். அவர்கள் செய்தது வெறும் மொழிபெயர்ப்பு என்று நினைத்தால் பாதி விஷயம் தவறிப்போகும். செய்திகளில் இருந்த முகவரிகள் பலவும் அந்தத் தெருக்களில் நடந்து வளர்ந்தவருக்கு மட்டுமே புரிபவை. ஒரு கடையின் பின்புறம், ஒரு தேவாலயத்துக்கு மேலேறும் சரிவு என்பதை அவர்கள்தாம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக மாற்றிக் கொடுத்தார்கள்.

அந்தப் புள்ளியை வைக்க வரைபடம்கூட அப்போது சரியாக இல்லை. யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்கள் புதிய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தார்கள். எந்தச் சாலை அடைபட்டது, எங்கே கூடாரங்கள் முளைத்தன என்பதுவரை அதில் ஏறியது. மீட்புக் குழுக்கள் தங்கள் கையடக்கக் கருவிகளில் அந்த வரைபடத்தை ஏற்றிக்கொண்டு போயின.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. வந்த செய்திகளில் இடிபாட்டுக்குள் சிக்கியவர்களைப் பற்றியவை சிறுபகுதியே. தண்ணீர், உணவு, கூடாரம், மருந்து கேட்டவைதான் மிகுதி. அவற்றுக்குப் பதில் சொல்லும் ஏற்பாடு கேட்கும் ஏற்பாட்டின் அளவுக்கு வளரவில்லை. கேள்வி கேட்க வழி திறந்துவிட்டுப் பதிலை மறந்தால் மக்களின் எரிச்சல் நியாயமானதுதான்.

மீனவர்களும் கணினிப் பொறியாளர்களும்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் மாட்டிக்கொண்டபோது இந்த நடு இடத்தை நிரப்ப ஒரு நல்ல முயற்சி நடந்தது. மாநிலத் தகவல் தொழில்நுட்ப அமைப்பும் தன்னார்வப் பொறியாளர்களும் சேர்ந்து ஒரு தளத்தை எழுப்பினார்கள். உதவி கேட்பவர், உதவி செய்பவர், முகாம், தேவைப் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் சிதறிக் கிடந்த கூக்குரல்களைத் தன்னார்வலர்கள் எடுத்து அந்தப் படிவத்தில் ஏற்றினார்கள். இன்னொரு குழு அந்த எண்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசி, இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டது.

மறுமுனையில் கடற்கரையிலிருந்து 600-க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் லாரிகளில் ஏறி உள்நாட்டுக்கு வந்தன. கடலை அறிந்த மீனவர்களுக்கு மூழ்கிய தெருக்கள் புதியவை. உள்ளூர் இளைஞர்கள் படகில் ஏறி, கைபேசியில் வந்த இருப்பிடக் குறியைப் பார்த்து வழிகாட்டினார்கள். பதிவுக்கும் படகுக்கும் நடுவே ஆள் உட்காருவது என்று நான் சொல்வது இதைத்தான்.

அங்கேயும் ஒரு தொல்லை கடைசிவரை தீரவில்லை. மீட்கப்பட்டவர்களைப் பற்றிய பழைய வேண்டுகோள்கள் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டே இருந்தன. கர்ப்பிணி ஒருவர் மாடியில் தவிக்கிறார் என்ற செய்தி, அவர் முகாமில் படுத்து உறங்கும்போதும் இன்னொரு குழுவில் புதிதாக முளைக்கும். பகிர்கிறவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் செய்தியில் தேதியும் நேரமும் இருக்காது. ஒரு படகு வீணாக அந்த வாசலுக்குப் போகும் நேரத்தில் இன்னொரு வாசலில் யாரோ காத்திருப்பார்.

இதற்குத் தெளிவான மருந்து ஒன்றை முந்தைய ஆண்டே மெக்சிகோவில் கண்டிருந்தார்கள். 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்துக்குப் பிறகு, 'வெரிஃபிகாடோ 19எஸ்' என்ற பெயரில் தன்னார்வலர்களும் செய்தியாளர்களும் கூடி ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். இடத்தில் நேரில் நிற்கும் ஒருவர் உறுதிசெய்யாத எதையும் பகிர்வதில்லை. பகிரும் ஒவ்வொன்றிலும் எத்தனை மணிக்கு உறுதிசெய்யப்பட்டது என்பது இருக்கும். எந்த இடிபாட்டில் கைகள் தேவை, எங்கே ஏற்கெனவே கூட்டம் அதிகம், எங்கே கையுறை வேண்டும், எங்கே தண்ணீர் போதும் என்ற வகைத் தகவல் அது. சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். காலாவதியாகும் என்பதை அதன் முகத்திலேயே எழுதிவைத்ததுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம்.

வேடிக்கை என்னவென்றால், அதே நிலநடுக்கத்தின் மிகப் பெரிய பொய்ச் செய்தி சமூக ஊடகத்தின் கணக்கில் மட்டும் சேராது. இடிந்த பள்ளிக்கூடத்துக்குள் ஃப்ரிடா சோஃபியா என்ற சிறுமி உயிரோடு இருக்கிறாள் என்று தொலைக்காட்சி மணிக்கணக்கில் நேரலை செய்தது. அதிகாரிகளே அதைச் சொன்னார்கள். நாடு மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. அப்படி ஒரு சிறுமியே இல்லை.

சிங்கமும் முதலையும்

பேரிடர் வந்தால் வதந்தியும் வரும். 1923-இல் ஜப்பானின் கன்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு, கொரியர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்ற பொய் பரவி ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அப்போது இணையமும் இல்லை, வானொலி ஒலிபரப்பும் அங்கே தொடங்கவில்லை. ஆகவே வதந்திக்கு இணையத்தைப் பெற்ற தாயாக்குவது சரியல்ல. வளர்ப்புத் தாய் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சில வதந்திகள் ஊர்ஊராகப் பெயர் மாற்றித் திரிகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றார்கள். பண்ணை மறுக்க வேண்டியிருந்தது. 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போது விலங்குக் காட்சிசாலையிலிருந்து சிங்கம் தப்பித் தெருவில் நிற்பதாக ஒருவர் படத்தோடு எழுதினார். படம் தென்னாப்பிரிக்காவில் எடுத்தது. எழுதியவர் பின்னர் கைதானார். சாண்டி புயலில் வெள்ளத் தெருவில் சுறா நீந்தியது. ஏதோ ஒரு விலங்கு தப்பிக்காமல் மனிதனுக்குப் பேரிடர் நிறைவாகத் தோன்றுவதில்லை போலும்.

சாண்டியின் போலிப் படங்களை ஆராய்ந்த ஒரு குழு 10,350 ட்வீட்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 86 சதவீதம் வேறொருவர் எழுதியதை அப்படியே மறுபகிர்வு செய்தவை. அந்த மறுபகிர்வுகளில் 90 சதவீதம் வெறும் 30 கணக்குகளிலிருந்து கிளம்பியவை. எனக்கு இது நல்ல செய்தியாகவே படுகிறது. பொய் எங்கும் நிறைந்திருக்கிறது என்று சோர்வதற்குப் பதில், சில ஊற்றுக்கண்களை விரைவில் கண்டுபிடித்தால் பெரும்பகுதி வற்றும் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெள்ளத்தின்போது அந்த மாநிலக் காவல்துறை செய்தது இதுதான். வதந்தி எழுந்த உடனே, அதை எடுத்து வைத்து, 'கட்டுக்கதை உடைப்பு' என்று பொருள்படும் ஒரு ஹேஷ்டேகோடு மறுத்தார்கள். அறிக்கை தயாரித்து, மேலதிகாரி கையெழுத்திட்டு, மாலையில் வெளியிடும் வழக்கத்தைக் கைவிட்டார்கள். அவர்களின் முகநூல் பக்கத்தைப் பின்தொடர்ந்தோர் எண்ணிக்கை சில நாள்களில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. செய்தி நிறுவனங்களே அங்கிருந்து எடுத்து வெளியிட்டன. வேகமாக வரும் உண்மைக்கு மக்கள் காதுகொடுப்பார்கள். அதிகார அமைப்புகள் மௌனம் காக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் முல்லைப்பெரியாறு உடைந்துவிட்டது என்பது போன்ற குரல்பதிவுகள் (2018-இல் அப்படி ஒன்று உலவியது) ஊரைக் கலைக்கின்றன.

இப்போது நிலைமை ஒரு படி மோசமாகியிருக்கிறது. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவுள்ள நிலநடுக்கம் வந்தபோது, எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் பொய்யான மீட்பு வேண்டுகோள்கள் குவிந்தன. உண்மையாகச் சிக்கியவர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்துத் தம் கணக்கில் போட்டவர்களும் இருந்தார்கள். முன்பெல்லாம் பொய்யைக் குறும்புக்காகவோ வெறுப்பிலோ பரப்பினார்கள். 2023-இல் அந்தத் தளம் பார்வை எண்ணிக்கைக்கேற்ப விளம்பர வருவாயைப் பங்கிடத் தொடங்கியிருந்தது. பிறர் உயிர்ப்போராட்டத்தை நகலெடுத்தால் காசு வரும் என்றாகிவிட்டது. பொய் அழைப்பு ஒன்றுக்காகப் பின்னர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவைத் தாக்கிய ஹெலீன் புயலின்போது, படகில் நாய்க்குட்டியை அணைத்தபடி அழும் சிறுமியின் படம் நெஞ்சை உருக்கியது. அது செயற்கை நுண்ணறிவு வரைந்தது. உண்மைப் படத்தைப் பொய் என்று சந்தேகித்த டிக்கின்சன் கதை இப்போது தலைகீழாகிவிட்டது. இனி வரும் உண்மைப் படங்களை யார் நம்புவார் என்பதுதான் என் கவலை.

இதில் நிரலின் பங்கையும் சொல்ல வேண்டும். தளங்கள் பெரும்பாலும் பதிவுகளைக் கால வரிசையில் காட்டுவதில்லை. எது அதிகம் ஈர்க்குமோ அதை மேலே தூக்குகின்றன. நேற்று நண்பகல் எழுதிய கூக்குரல் இன்று இரவு முதலில் நிற்கும். பத்து நிமிடத்துக்கு முன் எழுதியது கீழே எங்கோ கிடக்கும். பொழுதுபோக்குக்கு இந்த அமைப்பு நன்றாக இருக்கலாம். வெள்ளத்தில் இது கேடு.

சாவி வேறொருவர் கையில்

மீட்புப் பணியின் ஒரு பகுதியைத் தனியார் தளங்களின்மேல் கட்டினால், அந்தத் தளம் மனம் மாறும் நாளில் என்ன ஆகும்? 2023 அதற்கு அடுத்தடுத்துப் பாடம் நடத்தியது.

பிப்ரவரி 6 அன்று துருக்கியையும் சிரியாவையும் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. இடிபாட்டுக்குள்ளிருந்தே பலர் இருப்பிடத்தை அனுப்பினார்கள். தன்னார்வ மென்பொருளாளர்கள் ட்வீட்களிலிருந்து முகவரிகளைத் தானாகப் பிரித்தெடுத்து வரைபடமாக்கும் கருவிகளை எழுதினார்கள். அவர்கள் நம்பியிருந்த இலவசத் தரவு வழியை 9-ஆம் தேதியோடு மூடப்போவதாக ட்விட்டர் நிறுவனம் சில நாள்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு தேதி தள்ளிப்போனது. இதற்கு நடுவே 8-ஆம் தேதி துருக்கியில் ட்விட்டரே பல மணி நேரம் முடக்கப்பட்டது. அரசுக்கு எதிரான கோபமும் உயிர்காக்கும் முகவரியும் ஒரே குழாயில் ஓடின. குழாயை அடைத்தால் இரண்டும் நிற்கும்.

ஆகஸ்டில் கனடா. செய்தி நிறுவனங்களுக்குத் தளங்கள் பணம் தரச் சொன்ன இணையச் செய்திச் சட்டத்தை ஒட்டிய தகராறில் மெட்டா நிறுவனம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தி நிறுவனங்களின் இணைப்புகளை மறைத்துவிட்டிருந்தது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரத்தின் ஏறத்தாழ 20,000 பேரும் வெளியேற உத்தரவானது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று உள்ளூர்ச் செய்தித்தளம் எழுதியதை மக்கள் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துப் படமாகப் பகிர்ந்து சமாளித்தார்கள்.

எச்சரிக்கை அனுப்புவதற்காவது இந்தத் தளங்களை நம்பியிருக்கத் தேவையில்லை. செல் ஒலிபரப்பு என்ற முறையில், கோபுரம் ஒரே ஒருமுறை அறிவிக்கிறது. அதன் எல்லைக்குள் இருக்கும் கைபேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறுகின்றன. எண்களின் பட்டியல் வேண்டாம், தரவுத் திட்டம் வேண்டாம், நெரிசலும் இல்லை. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொத்தானை அழுத்த ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் வானிலைத்துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. கைபேசிகளுக்குப் பொது எச்சரிக்கை போனபோது இரவு 8 மணி கடந்துவிட்டது. பல ஊர்களில் தண்ணீர் அதற்கு முன்பே வீட்டுக்குள் இருந்தது. 220-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சொல்லும் சரியாக இருக்க வேண்டும். ஹையான் புயலுக்கு முன் பிலிப்பைன்சில் கடல் எழுச்சி குறித்த எச்சரிக்கை வெளிவந்தது உண்மை. அதற்குப் பயன்படுத்திய தொழில்நுட்பச் சொல் பலருக்குப் புரியவில்லை. ஆழிப்பேரலை போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்தப் புயலில் இறந்தோர் 6,000-க்கும் மேல்.

ஓடுவதற்கு நேரமே தராத நிலநடுக்கத்தில்கூட இணையம் ஒரு சிறு விந்தை செய்கிறது. 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது, நியூயார்க்கில் சிலர் அதைப் பற்றிய ட்வீட்டைப் படித்த பிறகுதான் நாற்காலி ஆடுவதை உணர்ந்தார்கள். நில அதிர்வு நொடிக்குச் சில கிலோமீட்டர்தான் போகும். ஒளியிழை அதைவிட மிக வேகம். டோக்கியோ ஆய்வாளர்கள் 2010-இல், மக்கள் எழுதும் ட்வீட்களை மட்டும் வைத்தே, ஜப்பானிய அதிர்வு அளவுகோலில் 3 அல்லது அதற்கு மேற்பட்ட நிலநடுக்கங்களில் 96 சதவீதத்தைக் கண்டறிய முடிந்ததாகக் காட்டினார்கள். இங்கே யாரும் உதவி கேட்கவில்லை, யாரும் சரிபார்க்கவில்லை. பதறிய விரல்களே உணர்கருவி ஆகிவிட்டன.

எஞ்சிக் கிடப்பவை

ஒரு பேரிடர் முடிந்த பிறகும் அதன் பதிவுகள் இணையத்தில் கிடக்கும். வீட்டு முகவரி, தனியாக இருக்கும் பெண்ணின் கைபேசி எண், குழந்தையின் படம், நோயின் பெயர் எல்லாம் உயிர்ப்பயத்தில் கொடுக்கப்பட்டவை. அவற்றைத் திரட்டிய அட்டவணைகளை யாரும் மூடுவதில்லை. மோசடிக்காரருக்கு அவை நல்ல விளைநிலம்.

2011-இல் ஜப்பானில் முகாம்களின் சுவர்களில் தங்கியிருப்போர் பெயர்களைக் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாள்களைப் படமெடுத்து அனுப்பும்படி கூகுள் கேட்டது. எங்கிருந்தோ ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அந்தக் கையெழுத்தைப் படித்து ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்தார்கள். பெர்சன் ஃபைண்டரில் பதிவுகள் 6 லட்சத்தைத் தாண்டின. பிறகு, தேவை முடிந்ததும், அந்தத் தரவுகளை நீக்கிவிட்டார்கள்.

அதே நாட்டில் ட்விட்டர் பின்னாளில் மீட்பு கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அவசர எண் கிடைக்காவிட்டால் மட்டும் எழுதுங்கள். நிலைமையையும் முகவரியையும் தெளிவாகச் சொல்லுங்கள். மீட்புக்கான ஹேஷ்டேகைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. கடைசி வரி: மீட்கப்பட்டதும் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள்.